தூரத்து மலை ஏன் நீலமாகிறது?

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் பாதையில் நின்று பெரியகுளம் பக்கம் பார்த்தால், அருகிலுள்ள சரிவு கரும்பச்சை. அடுத்தது சாம்பல் கலந்த பச்சை. கடைசி முகடு வெளிர் நீலம். மரங்கள் நிறம் மாறிவிடவில்லையே, பிறகு ஏன்?

இடையிலுள்ள காற்றுதான் காரணம். காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியை ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூட அந்த நீலம் மலையின் நிழல்கள்மேல் படிந்துகொண்டே போகிறது. மூடுபனியின் கதை வேறு. அதன் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ சமமாகச் சிதறடிப்பதால் பனி வெண்மையாகத் தெரிகிறது.

கணினியில் மலைக்காட்சி அமைக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். படம் முழுக்க ஒரே வெள்ளைப் படலத்தைப் போர்த்தினால் அது பனியாகாது, துடைக்காத கண்ணாடிபோல் இருக்கும். காட்சியின் ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் ‘டெப்த் பாஸ்’ கையில் இருக்கிறது. அதை வைத்து, தூரத்துக்கேற்ப முதலில் கருமையை வெளிறச் செய்ய வேண்டும். பள்ளத்தாக்கில் பனி தேங்கும் என்பதால் உயரத்தையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

கொடைக்கானலின் தூண் பாறையைப் பனி மூடும்போதும் விலகும்போதும் ஒரே இடத்திலிருந்து, ஒரே எக்ஸ்போஷரில் படமெடுத்து, நிழல்கள் எவ்வளவு வெளிறின என்று ஒப்பிடுவது அருமையான பயிற்சி.