முக்கால் பங்கு காற்று

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்தில் மரச்சிற்பம் செதுக்கும் குடும்பங்கள் பல உண்டு. வீட்டோடு ஒட்டிய பட்டறை, தரையில் சாய்த்து வைத்த வாகைக் கட்டை, ஒரு கையில் உளி, மறு கையில் கொட்டாப்புளி. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு சுருள் செதில் எழுந்து விழுகிறது. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை இது. அந்தக் கட்டையைத் தட்டிப் பாருங்கள், கெட்டியாக ஒலிக்கும். ஆனால் அதற்குள் பாதிக்கு மேல் வெறும் காற்று.

மரம் என்பது இறந்த செல்களின் கூட்டம். பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமும், தலைமுடியைவிட மெலிந்த உடலும் கொண்ட நுண்குழாய்கள். மரம் காய்ந்ததும் குழாய்க்குள் இருந்த நீர் போய்க் காற்று வந்துவிடும். மிஞ்சுவது குழாயின் சுவர் மட்டுமே. அந்தச் சுவரின் அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டருக்கு உள்ள எடை, எந்த மரமானாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: சுமார் 1500 கிலோ. தண்ணீருக்கு 1000 கிலோ. ஆக, மரத்தின் சொந்தப் பொருள் தண்ணீரில் மூழ்கக்கூடியது! மிதப்பது அதற்குள் அடைபட்ட காற்றால்தான்.

காய்ந்த வாகையில் ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோ. அதில் ஐந்தில் இரண்டு பங்குதான் சுவர், மீதி காற்று. இதை வீட்டிலேயே அளக்கலாம். 5 செ.மீ. தடிப்புள்ள அகலமான வாகைத் துண்டை வாளித் தண்ணீரில் படுக்கப் போடுங்கள். ஏறக்குறைய 3 செ.மீ. மூழ்கும். ஒரு கன மீட்டர் 400 கிலோ எடையுள்ள லேசான மரமானால் 2 செ.மீ.தான் மூழ்கும். அதற்குள் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்று.

சிற்பிக்குச் சுவர் தடித்த மரம் வேண்டும், நுணுக்கமான வேலை அதில்தான் நிற்கும். கடலுக்குப் போகிறவருக்குச் சுவர் மெலிந்த மரம் வேண்டும். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அந்தக் கரையிலும், வடக்கே சென்னை வரையிலும் தெற்கே குமரி வரையிலும், மீனவர்கள் மரத்துக்குள் அடைபட்ட இந்தக் காற்றை நம்பியே காலங்காலமாகக் கடலுக்குள் போனார்கள். அவர்கள் கலத்தின் பெயர் கட்டுமரம்.

படகு என்றால் நீர் உள்ளே வராமல் தடுக்கும் ஒரு குழிவு என்றே நினைக்கிறோம். கட்டுமரத்தில் அப்படித் தடுக்கும் வேலையே இல்லை. அலை மேலே ஏறும், மரங்களுக்கு இடையே வழிந்து போய்விடும். நிரம்புவதற்கு உள்ளறை இல்லாததால் இறைக்கவும் வேண்டாம், ஓட்டை விழுமென்ற பயமும் வேண்டாம். 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் ஆங்கில மாலுமி வில்லியம் டேம்பியர், சோழமண்டலக் கரையின் சிறு கட்டுமரங்களில் போகிறவரின் கால்கள் எப்போதும் தண்ணீரிலேயே இருப்பதைக் குறித்திருக்கிறார்.

கட்டுமரத்தின் தாங்குதிறனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள, மேலே சொன்ன லேசான மரத்தின் எடை 180 கிலோ. அது முழுதும் அமிழ்ந்தால் விலக்கும் கடல்நீரின் எடை சுமார் 460 கிலோ. விலகிய நீரின் எடை அளவுக்குக் கடல் அதை மேலே தள்ளும், இதுவே மிதப்பு விசை. மிச்சம் 280 கிலோ. ஒரே மரம், 25 கிலோ அரிசி மூட்டைகள் பதினொன்றைத் தாங்கிவிடும். நான்கு மரங்களைக் கட்டினால் ஆட்கள், வலை, பாய், மீன் எல்லாவற்றுக்கும் போதும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பகைவன் உண்டு. கடல்நீர் மெல்ல மெல்ல நுண்குழாய்களுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றுகிறது. அதே மரம் ஊறி ஊறி 315 கிலோ ஆகிவிட்டால், தாங்கும் மிச்சம் பாதியாகக் குறைந்துவிடும். மீனவர்கள் கண்ட தீர்வு எளியது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைப்பார்கள். எல்லாப் பக்கமும் வெயிலும் காற்றும் படும். ஈரம் போகப் போகக் காற்று குழாய்களுக்குத் திரும்பும். கலத்தையே பிரித்து உலர்த்தி, இழந்த மிதப்பை மீட்டுவிடுவார்கள்.

மரங்களை வெறுமனே அடுக்கிக் கட்டிவிடுவதில்லை. வாய்ச்சியால் செதுக்கி முன்பக்கத்தைக் கூராக்குவார்கள். நடுமரம் சற்றுத் தாழ, ஓர மரங்கள் உயர நிற்கும். அதனால் மேற்புறம் ஆழமில்லாத தொட்டிபோல் அமைந்து ஆளையும் வலையையும் சறுக்காமல் வைத்திருக்கும். அணியம் எனப்படும் முன்முனை மேல்நோக்கி எழும்பி அலையில் ஏறும்.

இரும்பாணி கிடையாது. முன்னும் பின்னும் தேங்காய் நார்க் கயிற்றுக் கட்டு. அந்த நாரின் செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள் சுருள்வில்லாகச் சுற்றி ஓடுகின்றன. இழுத்தால் சுருள் விரியும், விட்டால் பெருமளவு மீளும். இயற்கை நார்களில் இவ்வளவு நீள்பவை சிலவே. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் இதில் மிகுதி, ஆகவே உப்புநீரில் எளிதில் மக்காது. கரையில் அலை உடையும் இடத்தில் ஆணி அடித்த பலகை அதிர்ச்சியை மொத்தமாக வாங்கிப் பிளந்துபோகலாம். கட்டுமரத்தில் ஒவ்வொரு மரமும் இம்மி நகர்ந்து, அடியைக் கயிற்றுக்குப் பகிர்ந்துவிடும்.

துறைமுகம் இல்லாத பழைய சென்னையில் இதன் அருமையைக் கப்பல்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அலை பொங்கி மற்ற படகுகள் இறங்கத் தயங்கிய நாட்களிலும் கட்டுமரக்காரர்கள் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததாலும், 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகப் புதிய படகுகள் குவிந்ததாலும், இன்று கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள். கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க அவற்றின் உள்ளே நுரைப்பொருளை அடைக்கிறார்கள். ராமேசுவரம் பக்கம் தெர்மாகோலையே மிதவையாகக் கட்டிப் போகிறார்கள். தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் காற்று, அதுவும் நுண்ணறைகளில் அடைபட்ட காற்று. ஆலை இன்று செய்வதை மரம் தானாகவே வளர்த்துத் தந்தது.

கட்டுமரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மரம் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும், மற்றவை அப்படியே தொடரும். வாய்ச்சியும் கயிறும் தெரிந்த எவரும் தம் கலத்தைத் தாமே செப்பனிட்டுக்கொள்ளலாம். அடர்த்தி, மிதப்பு விசை, நீர் ஊறுதல், மீள்திறன் என நான்கு இயற்பியல் பாடங்களும் ஒன்றாகக் கட்டப்பட்ட பொருள் நம் கரையிலேயே இருக்கிறது. பள்ளியில் மிதத்தலைப் பற்றிச் சொல்லித்தரும்போது கட்டுமரத்திலிருந்தே தொடங்கலாம்.