வேலிக் குழையும் வெள்ளாடும்

வெள்ளாடு கண்டதையெல்லாம் தின்னும் என்பது பலர் கொண்ட கருத்து. நம் மொழியே அதனை மறுக்கின்றது. ஆடுதொடா என்றும் ஆடுதின்னாப்பாளை என்றும் இரு மூலிகைகளுக்கு நம் முன்னோர் பெயரிட்டனர். தின்னத்தக்கது இது, தகாதது இது எனத் தேர்ந்துண்ணும் இயல்பு ஆட்டுக்கு உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தமைக்கு இப்பெயர்கள் சான்றாகும். செம்மறி தலைகுனிந்து புல்லை மேயும். வெள்ளாடோ தலைநிமிர்ந்து, வேண்டுமாயிற் பின்னங்கால்களில் எழுந்து நின்று, தளிரையும் குழையையும் கறிக்கும். இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளாது ஆடு வளர்ப்போர் அடையும் இழப்புக்கள் பல. அவற்றின் காரணங்களையும் தவிர்க்கும் வழிகளையும் ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளவைச் சூழ்ந்த வேலியே ஆட்டின் மேய்ச்சல் நிலமாக விளங்கியது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதநாராயணி, சீமைக்கிளுவை ஆகிய கதியால்கள் எல்லையையும் காத்தன, ஆட்டையும் ஊட்டின. கொக்கைச்சத்தகத்தாற் குழை வெட்டிக் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலைக்கு மேலே தொங்கவிடுவது வீட்டுப் பெண்டிரும் சிறுவரும் செய்துவந்த அன்றாடப் பணி. பலாவிலையைக் கம்பியிற் குத்திச் சேர்த்து ஆட்டுக்கு இட்டபின் பள்ளிக்குப் புறப்பட்ட பழைய மாணவர் பலர் இதனை வாசிப்பர். மிதிபட்ட குழையை ஆடு தின்னாது என்பதற்காகவே குழை தொங்கவிடப்பட்டது. ஆயினும் அவ்வழக்கத்திற் பெரியதொரு நோய்க்காப்பும் அடங்கியிருந்தது.

வெப்பநாடுகளில் வெள்ளாட்டின் தலையாய பகை, அதன் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சும் ஓர் உருளைப்புழுவாகும். ஹீமொங்கஸ் என விஞ்ஞானிகள் அதனை வழங்குவர். பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 5000க்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. அவை புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் ஒரு வாரமளவில் நுண்புழுக்களாகி, பனி படிந்த புல்லில் ஏறி நிற்கும். பெரும்பாலானவை இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் ஏறுவதில்லை. அப்புல்லை ஆடு மேயுமாயின், புழு வயிற்றையடைந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில் முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். ஆயிரம் புழுக்கள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றரளவு இரத்தம் போய்விடும். உயரத்தில் வெட்டி உயரத்திலே தொங்கவிட்ட குழையில் இப்புழுவுக்கு இடமில்லை.

இன்று சீமெந்து மதில்களும் தகரங்களும் வேலியின் இடத்தைப் பிடித்து வருகின்றன. குழைக்கு வழியற்றோர் ஆட்டைப் புற்றரையில் முளையடித்துக் கட்டுகின்றனர். மாரிகாலத்தில் ஒரேயிடத்திற் பல நாள் கட்டுவது, தன் புழுக்கையிலிருந்து எழுந்த புழுவை அவ்வாடே திரும்ப உண்ணச் செய்வதாகும். கட்டவே வேண்டுமெனின், பனி உலர்ந்தபின் கட்டுக. நான்கு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுக. மேய்ந்த இடத்துக்குப் பல வாரங்கள் திரும்பாதிருக்க.

இந்நோய் பெரும்பாலும் கழிச்சலின்றியே வருவதால், வளர்ப்போர் அதனை உணரார். கீழ்க் கண்ணிமையை மெல்லத் தாழ்த்தி அதன் உட்புறத்தைப் பார்க்க. நல்ல செந்நிறமாயின் அச்சமில்லை. வெளிறியிருப்பின் இரத்தம் குன்றிவிட்டது. தாடையின் கீழே நீர்கோத்து வீங்குமாயின் நோய் முற்றிவிட்டது என்க. தென்னாபிரிக்காவில் 1990களில் இக்கண்சோதனைக்கு நிற அட்டையொன்று வகுத்தனர். வெளிறிய ஆடுகளுக்கு மாத்திரம் மருந்து கொடுப்பதே அதன் நோக்கம். எல்லா ஆடுகளுக்கும் அடிக்கடி கொடுப்பதாலும், நிறைக்குக் குறைந்த அளவிற் கொடுப்பதாலும் மருந்துக்கு மசியாத புழுவினம் பெருகுகின்றது. ஆதலின் நிறையறிந்து, மிருக வைத்தியர் கூறிய அளவிற் கொடுத்தல் வேண்டும்.

கொட்டிலின் தரை ஈரமாயிருத்தலாகாது. நிலத்தினின்று மூன்று நான்கு அடி உயரத்திற் பரண் அமைத்து, புழுக்கையும் சிறுநீரும் கீழே விழத்தக்கதாகச் சட்டங்களுக்கிடையே இடைவெளி விடுக. குட்டிகளை வாட்டும் இரத்தக் கழிச்சலையும், குளம்பழுகலையும் இது பெரிதும் குறைக்கும். தோட்டத்துக்கு நல்லெருவும் கிடைக்கும்.

இனி, இனவிருத்தியைப் பார்ப்போம். மறியாடு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவங்கொள்ளும். அது ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். ஓயாது கத்துதலும் வாலை ஆட்டுதலும் அதன் குறிகள். சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். ஆவணியில் இணைத்தால் தையிற் குட்டி ஈனும். அப்போது கடுமாரி ஓய்ந்து குழை செழித்திருக்கும். உள்ளூர்ச் சிறுமறியை முதற்சினைக்கு ஜமுனாபாரி போன்ற பெருங்கிடாயிடம் விடுதல் ஈற்றைக் கடினமாக்கும். தன் மகளையே கிடாய் சேராதவாறு இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடாயை மாற்றுக. பிறவியிலேயே கொம்பில்லாத கிடாயையும் கொம்பில்லாத மறியையும் இணைத்தலாகாது. ஆணுமின்றிப் பெண்ணுமின்றி மலட்டுக் குட்டிகள் பிறத்தற்கு அது காரணமாகும். வேண்டாத கிடாய்க்குட்டிகளைக் காலத்தோடு நலமடித்தல் நன்று.

குட்டி பிறந்த முதல் மணித்தியாலத்துக்குள் கடும்புப்பால் அருந்துதல் வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் கருவிலே தாயிடமிருந்து குட்டிக்கு வருவதில்லை. கடும்புப்பாலின் வழியே வருகின்றது. ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அதனை ஏற்காது. ஆகவே இளங்கொடி விழுமட்டும் பால் கொடுக்கலாகாது எனத் தடுப்போர் குட்டிக்குத் தீங்கே செய்கின்றனர். கொப்பூழுக்கு அயடீன் இடுதலும் மறக்கலாகாது.

அன்பினால் விளையும் நோயும் உண்டு. விழா முடிந்ததும் எஞ்சிய சோற்றைப் பெருமளவில் ஆட்டுக்கு இடுவர். மாப்பொருள் வயிற்றில் விரைந்து புளித்து அமிலமாகி, ஆடு ஓரிரு நாளில் இறக்கவுங்கூடும். பச்சை மரவள்ளியிலையில் நஞ்சு உண்டு. நன்கு உலர்த்தாமல் இடற்க. உதட்டிற் பொருக்குக் கட்டும் புண் மனிதரையும் தொற்றுமாதலின், கையுறையின்றித் தொடற்க.

நல்லுடலோடு நின்ற ஆடு திடீரெனப் பின்னங்கால் வலுவிழந்து இழுப்பதுண்டு. மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் செற்றேரியா என்னும் புழுவின் குஞ்சை நுளம்பு ஆட்டுக்குக் கொணர, அது வழிதவறி முள்ளந்தண்டு நரம்பினுட் புகுவதே காரணம். இலங்கையிற் குதிரைகளுக்கு வந்த இத்தகைய வாதத்தை 1950களில் இன்னஸ், பிள்ளை முதலிய ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து இக்காரணத்தை விளக்கினர். மாட்டுக்கொட்டிலருகே இரவில் ஆட்டைக் கட்டாதிருத்தலும், நுளம்பு அணுகாது காத்தலும் தடுப்பு முறைகள். குறி கண்ட அன்றே வைத்தியரை நாடினால் எழுந்து நடத்தலும் கூடும். நாட்கடந்தபின் பயன் இல்லை.

வறிய குடும்பத்துக்கு ஆடு ஒரு சேமிப்பு. பிள்ளையின் பாடசாலைச் செலவோ திடீர் நோயோ வந்தவிடத்து விற்றுக் கைக்கொள்ளும் பொருள் அதுவே. அச்சேமிப்பு ஒரு மாரியில் அழிந்துபோகாதிருக்க வேண்டுவன சில கதியாலும், உலர்ந்த பரணும், கண்ணிமையைப் பார்க்கும் பழக்கமுமே. மதில் எழுப்புவோரும் வளவின் ஒரு பக்கத்தையாவது உயிர்வேலிக்கு விடலாம். ஐப்பசி மழையோடு நட்ட கதியால் எளிதில் வேர்கொள்ளும். நம் மாணவர் இதனைத் தம் வீட்டிலேயே செய்து பார்ப்பாராக.