மணி அடித்தது, பொலிஸ் வரவில்லை

கடைச் சுவரில் உயரத்தில் தொங்கும் அலாரப் பெட்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு மாதாமாதம் காசும் கட்டுகிறோம். ஆனால் அது அடித்தால் யார் கேட்பார்கள், கேட்டவர் யாருக்குச் சொல்வார், சொன்னால் யார் வருவார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? நானும் விசாரித்ததில்லை. லண்டனில் என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் விசாரித்தேன்.

அவருடைய கடை, நம்மவர் பலரும் நடத்துவதைப் போன்ற மூலைக்கடை. மளிகை, மதுபானம், சிகரட், பத்திரிகை எல்லாம் உண்டு. ஒரு ஞாயிறு இரவு கள்ளர் பின்பக்கத்துத் தட்டைக் கூரையை வெட்டி உள்ளே இறங்கினார்கள். அலாரம் அடித்தது. கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தியும் ஒழுங்காகப் போனது. நிலையத்தார் பட்டியலில் இருந்த முதல் இலக்கத்துக்கு அழைத்தார்கள். அது கடைக்காரர் எப்போதோ மாற்றிவிட்ட கைத்தொலைபேசி இலக்கம். இரண்டாவது இலக்கம் அவருடைய மைத்துனருடையது. அவர் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தார். பொலிஸுக்கு அவர்கள் அழைக்கவே இல்லை. அழைக்க அவர்களுக்கு அனுமதியும் இல்லை.

காலையில் கடை திறக்க வந்தபோது சிகரட் அலுமாரி வெறுமையாக இருந்தது. மதுபானமும் காசும் போய்விட்டன. சரக்கில் பாதி என்னிடம் கடனுக்கு எடுத்தது. காப்புறுதி இருக்கிறதுதானே என்று நான் அவருக்குத் தைரியம் சொன்னேன். சில வாரம் கழித்துக் காப்புறுதி நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது.

காரணம் என்ன?

அந்தக் கடையின் அலாரத்துக்குப் பொலிஸ் வருவது இரண்டு மாதங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. ஒரே வருடத்தில் மூன்று பொய் அழைப்புகள் போயிருந்தன. முதலாவது, காதலர் தினத்துக்கு விற்பனைக்கு வைத்த வாயு நிரப்பிய பலூன் ஒன்று இரவில் கழன்று, கடை முழுவதும் மிதந்து திரிந்ததால் வந்தது. இரண்டாவது, விடியப்புறம் பாண் இறக்க வந்த பையன் முன்கதவால் வராமல் பின்கதவைத் திறந்ததால் வந்தது. மூன்றாவது, கடைக்காரர் தாமே ஒரு இரவு மறந்துபோன சாமானை எடுக்க வந்து, அலாரத்தை அணைக்கும் சாவிவில்லையை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால் வந்தது.

பொலிஸ் இனி வரமாட்டாது என்ற கடிதம் கடைக்கு வந்திருந்தது. அது மேசை லாச்சியில், பற்றுச்சீட்டுகளுக்கு அடியில், உடைக்காமலே கிடந்தது. அதை எனக்குக் காட்டியபோது அவர், "அண்ணை, கடிதம் வந்ததுதான். விளம்பரம் எண்டு நினைச்சு நான்தான் பாக்கேல்லை" என்றார். காப்புறுதிப் பத்திரத்திலோ, பொலிஸ் வருகை நிறுத்தப்பட்டால் உடனடியாக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை அச்சிட்டிருந்தது. அதையும் அவர் படிக்கவில்லை.

பொலிஸ் விதிகள்

இங்கே பலர் நினைப்பதுபோல, அலாரம் அடித்தால் பொலிஸ் வந்தே ஆகவேண்டும் என்று ஒரு கடமை இல்லை. ஒரு காலத்தில் அலாரங்களிலிருந்து வந்த அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யாக இருந்தன. ஆகவே 1995 இல் பொலிஸ் தலைமை அதிகாரிகளின் சங்கம் ஒரு பொதுக் கொள்கையை வகுத்தது. 2015 முதல் அந்தச் சங்கத்தின் இடத்தில் தேசிய பொலிஸ் தலைவர்கள் பேரவை இருக்கிறது. கொள்கை பலமுறை திருத்தப்பட்டாலும் அடிப்படை மாறவில்லை. அதன் சாரம் இதுதான்:

முதலாவது, அலாரத்துக்குத் தனி அடையாள எண் இருக்கவேண்டும். இதை யூ.ஆர்.என். என்பார்கள். என்.எஸ்.ஐ. அல்லது எஸ்.எஸ்.ஏ.ஐ.பி. ஆகிய அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் பொருத்தி, பராமரித்து, அங்கீகாரம் பெற்ற கண்காணிப்பு நிலையத்தோடு இணைத்த அலாரத்துக்கே அந்த எண் கிடைக்கும். தெரிந்த மின்வேலைக்காரத் தம்பியைக் கொண்டு மலிவாகப் பூட்டிய அலாரத்துக்குக் கிடைக்காது.

இரண்டாவது, செய்தி உறுதிப்படவேண்டும். ஒரு உணர்கருவி மாத்திரம் சத்தமிட்டால் போதாது. குறித்த நேரத்துக்குள் வேறொரு உணர்கருவியும் அசைவைக் காணவேண்டும். அல்லது ஒலியாலோ படத்தாலோ ஆள் இருப்பது உறுதியாகவேண்டும். இதற்கான தரத்தின் பெயர் பி.எஸ். 8243. நமது நண்பரின் பலூன் ஒரு வரிசையிலிருந்து மற்ற வரிசைக்கு மிதந்து இரண்டு கருவிகளுக்கும் முகம் காட்டியதால் அதுவும் உறுதிப்பட்ட அழைப்பாகிவிட்டது.

மூன்றாவது, சாவிப் பொறுப்பாளர் குறைந்தது இருவர் வேண்டும். அவர்களுக்கு அலாரத்தை இயக்கத் தெரிந்திருக்கவேண்டும், தொலைபேசியும் சொந்த வாகனமும் இருக்கவேண்டும், அழைத்தால் 20 நிமிடத்துக்குள் கடைக்கு வரவேண்டும். பேருக்கு ஒரு பெயரை எழுதிக்கொடுப்பது போதாது.

நான்காவது, தொடர்ந்த 12 மாதத்துக்குள் மூன்று பொய் அழைப்புகள் போனால் பொலிஸ் வருகை நிறுத்தப்படும். பிழையைத் திருத்தி, அதற்கான அத்தாட்சியை அலார நிறுவனம் அனுப்பிய பிறகே மீண்டும் கிடைக்கும். அதுவரை கண்காணிப்பு நிலையம் உங்களைத்தான் அழைக்கும். பொலிஸை அழைக்காது.

மணி மாத்திரம் அடிக்கும் அலாரமும், கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் அலாரமும் வேறு வகை. அவற்றுக்குத் தனி எண் இல்லை. கள்ளன் உள்ளே நிற்பதை யாராவது கண்ணால் கண்டோ, கமராவில் பார்த்தோ 999 க்குச் சொன்னால்தான் பொலிஸ் அதைக் குற்றமாக எடுத்து வரும்.

செய்தி போகும் வழி

இப்போது இன்னொரு சங்கடம் வந்திருக்கிறது. நம்மில் பலருடைய அலாரம் பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியை நம்பியே இருந்தது. அந்தப் பழைய தொலைபேசி முறையை நாடு முழுவதும் மூடப்போகிறார்கள். 2025 டிசம்பர் என்று முதலில் சொல்லி, பின்னர் 2024 இல் அதை 2027 ஜனவரி 31 ஆம் திகதிக்குப் பின்போட்டார்கள். புதிதாகப் பழைய முறை இணைப்பு விற்பது 2023 செப்டெம்பரிலேயே நிறுத்தப்பட்டது. அலாரச் செய்திகளுக்கென்றே பல காலம் பேர்பெற்றிருந்த ரெட்கெயார் சேவையும் 2025 ஆகஸ்ட் 1 ஆம் திகதியோடு மூடப்பட்டது. கைத்தொலைபேசி வலையமைப்புகளும் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் தங்கள் மூன்றாம் தலைமுறைச் சேவையை ஒவ்வொன்றாக அணைத்தன. இரண்டாம் தலைமுறையையும் 2033 க்குள் மூடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய கம்பிக்கும் புதிய முறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழைய கம்பிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. கடையில் வெளிச்சம் போனாலும் தொலைபேசி வேலை செய்தது. புதிய முறையில் எல்லாம் ரவுட்டர் வழியாகவே போகின்றன. மின்சாரம் நின்றால் ரவுட்டரும் நின்றுவிடும். அலாரப் பெட்டிக்குள் பற்றரி இருக்கலாம். ஆனால் அதன் செய்தியைக் கொண்டுபோகும் ரவுட்டருக்குப் பற்றரி இல்லையென்றால் அலாரம் தனக்குள்ளே கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவேதான் காப்புறுதி நிறுவனங்கள் இரட்டை வழிச் செய்தி முறையைக் கேட்கின்றன. ஒரு வழி அகலப்பட்டை இணைப்பு, மற்றது கைத்தொலைபேசி வலையமைப்பு. இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று இடைவிடாமல் சோதிக்கப்படும். கள்ளன் ஒன்றை அறுத்தால், அது அறுந்துவிட்டது என்று மற்றது சொல்லிவிடும். எவ்வளவு விரைவாகச் சொல்லும் என்பது முறையின் தரத்தைப் பொறுத்தது. உயர்ந்த தரத்தில் சில நிமிடத்திலும், குறைந்த தரத்தில் பல மணி நேரத்திலும் தெரியவரும். சிகரட்டும் மதுபானமும் நிறைய வைத்திருப்போர் எந்தத் தரம் வேண்டும் என்று தரகரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

தொலைபேசி இணைப்பைப் புதிய முறைக்கு மாற்ற ஒப்புக்கொள்ளும் முன்னர் அலார நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாதம் சில பவுண் குறைகிறது என்று விற்பனையாளரிடம் தலையாட்டிவிட்டு, மறுநாளிலிருந்து அலாரம் ஊமையாகிப்போனதை அறியாமல் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும்.

காப்புறுதிப் பத்திரம் சொல்வது

கடைக் காப்புறுதியில் அலாரம் பற்றிய நிபந்தனைகள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். கடையை ஆளில்லாமல் விடும்போதெல்லாம் அலாரம் முழுமையாகப் போடப்பட்டிருக்கவேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கவேண்டும். அலாரமோ அதன் செய்தி வழியோ பழுதென்றால், நிறுவனத்தின் சம்மதமின்றிக் கடையை ஆளில்லாமல் விடக்கூடாது. பொலிஸ் வருகை குறைக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ உடனே அறிவிக்கவேண்டும்.

சட்டம் நம்மை முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2015 ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டம் 2016 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்னர் ஒரு உத்தரவாதத்தை மீறினால் காப்புறுதி அன்றோடு முடிந்தது. இப்போது மீறல் இருக்கும் காலத்துக்கு மாத்திரமே பாதுகாப்பு நின்றிருக்கும். திருத்தினால் மீண்டும் உயிர்பெறும். மேலும், நடந்த நட்டத்துக்கும் மீறிய நிபந்தனைக்கும் தொடர்பே இருக்க முடியாதென்றால், அதைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. கடை தீப்பற்றி எரிந்தால், கள்ளர் அலாரம் பழுதாயிருந்தது என்ற சாட்டு எடுபடாது. ஆனால் வியாபாரக் காப்புறுதியில் இந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்தாலேயே குறைக்கலாம். அப்படிக் குறைப்பதைத் தெளிவாக எழுதி நமது கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே விதி. எனவே பத்திரத்தைப் படிக்காமல் கையொப்பம் வைப்பவருக்குச் சட்டமும் அதிகம் உதவாது.

நமது நண்பருக்கு நேர்ந்தது கூரை வெட்டிய களவு. அந்த நிபந்தனை அந்தக் களவுக்காகவே எழுதப்பட்டது. தரகர் இரண்டு முறை எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் நியாயமில்லை என்று நினைப்போர் ஆறு மாதத்துக்குள் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். சிறு வியாபாரிகளுக்கும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஆனால் உடைக்காத கடிதத்தோடு அங்கே போய் என்ன சொல்வது?

செய்யவேண்டியவை

இந்த வாரமே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் அலாரம் பற்றிய பக்கத்தை எடுத்து வாசியுங்கள். ஆங்கிலம் கடினமென்றால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். அலார நிறுவனத்துக்கு அழைத்து நான்கு கேள்வி கேளுங்கள்: எங்கள் தனி எண் நடைமுறையில் இருக்கிறதா? இந்தப் பன்னிரண்டு மாதத்தில் எத்தனை பொய் அழைப்பு? செய்தி எந்த வழியால் போகிறது? சாவிப் பொறுப்பாளர் பட்டியலில் யார் யார்? பதில்களை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

வேலையாட்களுக்கு எந்தக் கதவால் வரவேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். தவறுதலாக அலாரம் அடித்தால் உடனே கண்காணிப்பு நிலையத்துக்கு அழைத்துக் கடவுச்சொல்லைச் சொல்லப் பழக்குங்கள். பலூன், தொங்கும் விளம்பர அட்டை, சூடாக்கியின் காற்றில் ஆடும் பதாகை எதையும் உணர்கருவியின் பார்வையில் விடாதீர்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது, பயணச்சீட்டு எடுத்த கையோடு பட்டியலில் வேறொருவரின் பெயரைச் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அலார நிறுவனம், பொலிஸ், காப்புறுதி ஆகிய மூன்றிடமிருந்தும் வரும் கடிதத்தையும் மின்னஞ்சலையும் வந்த அன்றே படியுங்கள். களவு போன பிறகு படிப்பது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

அந்த நண்பர் கடையை மூடவில்லை. வானை விற்றார், மனைவியும் கடையில் நிற்கிறார், என் கடனை வாரம் 200 பவுணாகக் கட்டி வருகிறார். நான் நெருக்கவில்லை. நெருக்கும் தகுதியும் எனக்கு இல்லை. ஏனென்றால் அவருடைய கடிதத்தைப் பார்த்த அன்று மாலை எனது களஞ்சியத்தின் கோவையையும் எடுத்துப் பார்த்தேன். சாவிப் பொறுப்பாளர் பட்டியலில் இரண்டாவது பெயர் என் அண்ணருடையது. அவர் காலமாகி மூன்று வருடம். அவருடைய இலக்கத்துக்கு அழைத்துப் பார்த்தேன். அறிமுகமில்லாத ஒரு பெண்குரல் பதில் சொன்னது. மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு, அடுத்த அழைப்பை அலார நிறுவனத்துக்கு எடுத்தேன்.