எந்தக் கல்லூரி? மந்திர் மார்க்கில் ஒரு கேள்வி

பிளஸ் டூ முடிவுகள் வெளியானபின் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளி வாசலில் சற்று நின்றால் போதும், "எங்கே சேர்க்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வி காதில் விழும். 1923ல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி அது. தலைநகருக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் பிள்ளைகள் தலைமுறையாகப் படித்த இடம்.

சென்ற ஆண்டு அங்கே ஓர் அன்பரைச் சந்தித்தோம். மத்திய சர்க்கார் ஆபீஸில் உதவியாளர். "இடம் கிடைக்காவிட்டால் ஒரு கவலை, மூன்று கிடைத்தால் மூன்று கவலை, சார்!" என்றார். மகளுக்குத் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம், சென்னையில் பொறியியல், திருச்சியில் கணிதம். பெண்ணின் மனம் பௌதிகத்தில். ஆபீஸ் நண்பர்களோ பொறியியல் என்கிறார்கள். அவருக்கு இன்னும் இரண்டே ஆண்டு சர்வீஸ். பிறகு குவார்ட்டர்ஸ் கிடையாது. படிப்பு பாதியில் இருக்கும்போது வீடு போய்விடுமே!

முதலில் விதிகளை அறிவது நல்லது. கட் ஆஃப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்த காலம் தில்லியில் 2022ல் முடிந்தது. இப்போது பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் நாம் எழுதித் தரும் விருப்ப வரிசையும்தான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. மேல் விருப்பம் கிடைத்தால் முந்தைய இடம் போய்விடும். ஆகவே வரிசையை யோசித்து எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, பௌதிகம் 50, ரசாயனம் 50 என 200க்குக் கணக்கு. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இருப்பிடச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பணம் கட்டுமுன், விலகினால் எவ்வளவு திரும்பும் என்றும் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பது 2018ல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதி.

இன்னொன்று. முதல் தேர்வே முடிவான தேர்வு அல்ல. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தபின்னரே தமக்கு வேண்டியது பொறியியல் என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. தமக்கை நகையை அடகு வைத்தார். பின்னர் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். 1958ல் இதே தில்லியில் வேறொரு வேலை கிடைத்தது. அந்த வழி எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை நாடறியும்.

அன்பர் அன்றிரவு மகளோடு உட்கார்ந்து, கட்டணம், ஹாஸ்டல், பாடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தாராம். பெண் தில்லியிலேயே பௌதிகம் சேர்ந்துவிட்டாள்.

"குவார்ட்டர்ஸ்?" என்று கேட்டோம்.

"கரோல் பாகில் ஓர் அறை பார்த்துக் கொள்ளலாம். மூன்று பேர்தானே!" என்றார்.