விளம்பரத்தில் இருக்கும் அந்த ஒரு வரி

‘கோர் ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11.’ கணினி விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். ஒரு கணினியைப் பற்றித் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடுகிறது. முதல் மூன்றும் கையால் தொடக்கூடிய பாகங்கள், அதாவது வன்பொருள். கடைசியில் இருப்பது அந்தப் பாகங்களை வேலை வாங்கும் கட்டளைகளின் தொகுப்பு, அதாவது மென்பொருள்.

ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் வரிசைகளில் ஒன்று. கணக்குப் போடுவது, இரண்டு மதிப்புகளை ஒப்பிடுவது, அடுத்த கட்டளை எதுவென்று முடிவு செய்வது எல்லாம் இந்தச் சில்லின் வேலை. சிபியு என்பதும் இதைத்தான் குறிக்கும். மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியையே சிபியு என்று சொல்வது நம் ஊரில் பழகிவிட்டது. அந்தப் பெட்டி கேபினெட். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டும், வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்குள் இருக்கின்றன.

பிராசசரின் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸில் சொல்வார்கள். 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் இருந்த இன்டெல் 8088 சில்லின் கடிகாரம் நொடிக்கு 47.7 லட்சம் முறை துடித்தது. 3 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கோடி துடிப்பு. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு பிராசசர்களை ஒப்பிட முடியாது. ஒரு துடிப்புக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது, ஒரே நேரத்தில் வேலை செய்யும் ‘கோர்’கள் எத்தனை என்பதும் சேர்ந்தே வேகத்தை முடிவு செய்கின்றன. ஐ5 என்ற பெயர் 2009இலிருந்தே இருக்கிறது. அதனால் பத்தாண்டு பழைய ஐ5ஐவிட இன்றைய ஐ3 வேகமாக இருப்பதில் வியப்பில்லை. பழைய மடிக்கணினி வாங்குபவர் பார்க்க வேண்டியது தலைமுறையை. ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5-1235யு என்றால் 12ஆம் தலைமுறை.

அடுத்து வரும் ரேமும் எஸ்எஸ்டியும்தான் அதிகம் குழப்புபவை. இரண்டும் ஜிபியில் அளக்கப்படுகின்றன, இரண்டையும் பொதுவாக ‘மெமரி’ என்று சொல்லிவிடுகிறார்கள். வித்தியாசம் மின்சாரம் போகும்போது தெரியும். மேசைக் கணினியில் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால், கடைசியாகச் சேமித்ததற்குப் பின் அடித்த வரிகள் காணாமல் போகலாம். அவை இருந்தது ரேமில். மின்சாரம் இருக்கும்வரைதான் ரேம் எதையும் வைத்திருக்கும். சேமித்த வரிகள் எஸ்எஸ்டியிலோ ஹார்டு டிஸ்கிலோ எழுதப்பட்டுவிட்டதால் அவை பிழைத்துக்கொள்ளும்.

அழிந்துபோகும் ரேம் எதற்கு என்றால், வேகத்துக்காக. ஹார்டு டிஸ்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் ரேம் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வேகமானது. எனவே திறந்திருக்கும் எந்த நிரலும் முதலில் ரேமுக்கு வந்துதான் இயங்குகிறது. ரேம் நிரம்பிவிட்டால் கணினி நின்றுவிடாது. இப்போதைக்குத் தேவைப்படாததை டிஸ்குக்குத் தள்ளிவிட்டுத் தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்ததும் கணினி திணறுவதற்கு இந்தப் போக்குவரத்து ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது நிறுவுவதற்கான குறைந்தபட்ச அளவு. நிம்மதியாக வேலை செய்ய 8 ஜிபியாவது வேண்டும். சில மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஹார்டு டிஸ்குக்குள் காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டும் சுழன்று வந்து சேரும்வரை கணினி காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகள். பழைய கணினியில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால், நிமிடக் கணக்கில் எழுந்துகொண்டிருந்த இயந்திரம் நொடிக் கணக்கில் எழுந்துவிடும். கடிதம், கணக்கு, இணையம், படம் பார்ப்பது என்ற அளவில் பயன்படுத்துபவருக்கு, கூடுதல் பணத்தை ஐ7க்குக் கொடுப்பதைவிட ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் கொடுப்பதே பயன் தரும்.

512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கூட்டுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. இந்த அளவுகளுக்கு அடிப்படை பைட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ‘அ’வுக்கு மூன்று பைட், உயிர்க்குறி சேர்ந்த ‘மா’வுக்கு ஆறு. இணைய வேகத்தை மட்டும் பிட்டில் சொல்வது வழக்கம். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும்.

டிஸ்கின் பெயர் ‘சி’யில் தொடங்குவதற்கு, ஃபிளாப்பி காலத்தில் ‘ஏ’, ‘பி’ இரண்டும் ஃபிளாப்பி டிரைவ்களுக்குப் போய்விட்டதே காரணம். ஃபிளாப்பி மறைந்துவிட்டது, எழுத்து மாறவில்லை.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஒரு சில்லில் பதிந்திருக்கும் பயாஸ், அல்லது அதன் இன்றைய வடிவமான யுஇஎஃப்ஐ, பாகங்களைச் சோதித்துவிட்டு இயங்குதளத்தை ரேமுக்கு அழைக்கிறது. ஒவ்வொரு முறையும் தேதி தவறாக வந்தால் பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும்; மாற்றச் சில பத்து ரூபாய்தான்.

விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை இயங்குதளங்கள். வேர்டு, குரோம், டேலி போன்றவை அவற்றின்மேல் இயங்கும் செயலிகள். செயலி நேராகப் பிரிண்டரோடு பேசுவதில்லை. இயங்குதளத்திடம் சொல்கிறது, இயங்குதளம் அந்தப் பிரிண்டருக்கென எழுதப்பட்ட ‘டிரைவர்’ என்ற சிறு நிரல் வழியாக வேலையை முடிக்கிறது. புதிய பிரிண்டர் சரியாக இணைத்தும் அச்சடிக்க மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை.

இயங்குதளத்தில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க வருபவை அப்டேட்டுகள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் இல்லாததால், பாகங்கள் நன்றாக இருந்தும் ஏராளமான கணினிகள் அதற்குத் தகுதி பெறவில்லை. அவற்றில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை இலவசமாக நிறுவலாம். பென்டிரைவில் ஏற்றி, டிஸ்கில் எதையும் மாற்றாமலே முதலில் ஓட்டிப் பார்க்கவும் அவற்றில் வழி உண்டு.