இதய அறைக்குக் கோடு வரையும் கணினி

எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "டாக்டர், பம்பிங் எவ்வளவு இருக்கு?" இடது கீழறை விரிந்திருக்கும்போது 120 மி.லி. ரத்தம் இருந்து, சுருங்கியபின் 50 மி.லி. மிஞ்சினால், பம்பிங் சுமார் 58 சதவீதம். ஆனால் அந்த 120-ஐயும் 50-ஐயும் யாரும் நேரே அளப்பதில்லை. திரையில் அறையின் உள்சுவரை ஒட்டிக் கோடு வரைந்து, அந்த வடிவத்தை வட்டத் தகடுகளாகப் பிரித்துக் கூட்டித்தான் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். கோடு சற்று நகர்ந்தால் எண்ணும் நகரும்.

சிக்கல் அந்தக் கோட்டில்தான். எக்கோ கருவி அனுப்பும் ஒலியலை சுவரில் நேராக மோதினால் பளிச்சென்று எதிரொலிக்கும். சுவருக்கு இணையாகப் போனால் எதிரொலி மங்கிவிடும். பக்கவாட்டுச் சுவர் சில இடங்களில் காணாமலே போகும். போதாததற்கு, அறைக்குள் வால்வை இழுத்துப் பிடிக்கும் பாப்பில்லரி தசைகள் சுவர் போலவே துருத்திக்கொண்டிருக்கும். அவற்றையும் அறையின் கொள்ளளவோடு சேர்த்தே வரைய வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துக்கொண்ட நடைமுறை. வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டுமே பார்க்கும் கணினிக்கு இது எப்படிப் புரியும்?

1988-இல் காஸ், விட்கின், டெர்சோபூலஸ் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 'பாம்பு' என்ற முறையை வெளியிட்டார்கள். படத்தில் போட்ட வளைகோடு நெளிந்து நெளிந்து பளிச்சென்ற ஓரங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் ஓரம் மறைந்த இடத்தில் அது வழி தவறும், பாப்பில்லரி தசையில் சிக்கியும் நிற்கும்.

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 2015-இல் உருவான யு-நெட் என்ற முறை வேறு வழியில் போனது. மனிதர்கள் வரைந்து காட்டிய எல்லைகளிலிருந்தே அது கற்கிறது. படத்தைச் சுருக்கி மொத்த அமைப்பைப் பிடிக்கும். மறுபடி விரித்து, ஒவ்வொரு புள்ளியும் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்லும். மனிதர் வரைந்த கோடுகளிலிருந்து கற்கும் இன்னொரு முறை, 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு வெளியிட்ட எக்கோநெட்-டைனமிக். அது 10,030 எக்கோ வீடியோக்களைக் கொண்டு உருவானது. நிபுணர்கள் ஒரு துடிப்பில், அறை விரிந்தபோதும் சுருங்கியபோதும் என இரண்டே கணங்களுக்குத்தான் கோடு வரைந்திருந்தார்கள். அதை வைத்தே ஒவ்வொரு பிரேமிலும் அறையைப் பிரித்துக் காட்ட அது கற்றுக்கொண்டது. பல துடிப்புகளைச் சலிக்காமல் அளந்து சராசரி எடுப்பதே இதன் பெரிய பலம் என்பேன்.

ஆனால், சுவர் மறைந்த இடத்திலும் கணினி தயங்காமல் கோடு போட்டுவிடும். அது கற்ற பழக்கத்தில் போட்ட கோடு. மருத்துவர் அதைப் பார்த்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

எக்கோ எடுக்கப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும், படப்பதிவு இருந்தால் அதையும் கொண்டு போங்கள். 58 என்பது 55 ஆகிவிட்டதே என்று நீங்களாகவே பதறாதீர்கள். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.