வேனில் இண்டக்‌ஷன் அடுப்பு: யூனிட் கணக்கும் ஆம்பியர் கணக்கும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் டூர் என்றால் பலருக்கும் வேன்தான். நாகூர், வேளாங்கண்ணி, சபரிமலை, ஊட்டி என்று எங்கே போனாலும் பின் சீட்டுக்கு அடியில் அரிசி, பாத்திரம், கூடவே ஒரு கேஸ் சிலிண்டர். இப்போது சிலர் பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே படுக்கை, சிங்க் எல்லாம் வைத்து வீடு மாதிரி மாற்றவும் ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படி மாற்றிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சிலிண்டரைத் தூக்கிட்டு இண்டக்‌ஷன் வச்சிடலாமா? பேட்டரி தாங்குமா?"

கேள்வி சின்னதுதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. வேனுக்கும் இதே ஆபத்து உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். வீட்டுச் சமையலறையில் கதவிடுக்கு வழியாக வெளியேற வாய்ப்பிருக்கிறது. ஜன்னல் சாத்திய வேனில் அதுவும் இல்லை. படுத்திருப்பவர்கள் மூக்கு தரைக்குப் பக்கத்தில்.

ஆகவே இண்டக்‌ஷன் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. முடியுமா என்று பார்க்க இரண்டு கணக்கு போடணும். பெரும்பாலானவர்கள் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் கணக்கு: யூனிட்

இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறும் கரண்ட் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. சூடாவது பாத்திரம்தான், அடுப்பு இல்லை. அதனால்தான் வீணாகும் சூடு குறைவு.

2 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 0.16 யூனிட் போதும். அடுப்பில் 15 சதவீதம், இன்வெர்ட்டரில் 10 சதவீதம் வீண் என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து 0.21 யூனிட்தான். காலையில் உப்புமா, மதியம் குக்கரில் சாதம், ஒரு குழம்பு, இரண்டு வேளை டீ. நாலு பேருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.2 யூனிட்டில் முடித்துவிடலாம்.

நம்ம வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கிறது. "அப்போ போதுமே!" என்று தோன்றும். இங்கேதான் இரண்டாவது கணக்கு.

இரண்டாவது கணக்கு: ஆம்பியர்

வீட்டில் 230 வோல்ட். 1800 வாட் அடுப்பு 8 ஆம்பியர் இழுக்கும். வேன் பேட்டரி 12 வோல்ட். இன்வெர்ட்டர் வீணாக்குவதையும் சேர்த்து 2000 வாட் எடுக்கணும் என்றால், 2000-ஐ 12-ஆல் வகுத்தால் 167 ஆம்பியர்! ஒரு லாரி செல்ஃப் அடிக்கும்போது இழுக்கிற ரகக் கரண்ட் இது. செல்ஃப் சில விநாடிதான். சமையல் அரை மணி நேரம்.

இதில் மூன்று சிக்கல்.

ஒன்று, லெட்-ஆசிட் பேட்டரியின் 150 என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. அவசரமாக எடுத்தால் அவ்வளவு தராது. 167 ஆம்பியர் எடுத்தால் அரை மணி நேரம் தாங்குவதே கஷ்டம். அப்படித் தினமும் காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

இரண்டு, கேபிள். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கேபிள், லக், போல்ட் எல்லாம் சேர்ந்து வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும், 167 ஆம்பியரில் 280 வாட் அங்கேயே சூடாகிறது. ஒரு லக் தளர்ந்திருந்தால் அந்தச் சூடு மொத்தமும் அந்த ஒரே இடத்தில். கேஸுக்குப் பயந்து கரண்டுக்கு மாறி, பேட்டரிப் பெட்டியில் தீ வைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

மூன்று, "சிம்மில் வைத்தால் கரண்ட் குறையுமே" என்ற நம்பிக்கை. விலை குறைந்த பல அடுப்புகள் 300 வாட் என்று காட்டும்போது உண்மையில் 1000 வாட்டில் சில விநாடி ஓடி, சில விநாடி நின்று, சராசரியாகத்தான் 300 தருகின்றன. உச்சக் கரண்ட் குறைவதில்லை.

வழி என்ன?

வோல்ட்டை ஏற்றணும், அவ்ளோதான். அதே 2000 வாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால் 42 ஆம்பியர். கரண்ட் கால் பங்கு, அதே தடையில் வீணாகும் சூடு 16-ல் ஒரு பங்கு. எல்.எச்.பி. ரயில் பெட்டிகளுக்கு 750 வோல்ட் மூன்று பேஸ் கரண்ட் போவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பட்டியல் இது:

- 51.2 வோல்ட், 50 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி. 2.5 யூனிட் கொள்ளும், 2 யூனிட் தைரியமாக எடுக்கலாம். பேட்டரியின் பாதுகாப்பு போர்டு 42 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குமா என்று கேட்டு வாங்கணும்.
- சுத்தமான சைன் வேவ் இன்வெர்ட்டர், 3000 வாட். வீட்டில் இருக்கும் 900 வி.ஏ. பத்தாது.
- பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ். லக்கைச் சுத்தியலால் அடிக்காமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தணும்.
- அடுப்பு கீழிருந்து காற்றை இழுக்கும். மெத்தை மேல், துணி மேல் வைக்கக் கூடாது.
- வெளியே 16 ஆம்பியர் பிளக் ஒன்று. லாட்ஜ், மண்டபம் எங்கே நின்றாலும் அனுமதி கேட்டு அங்கே கரண்ட் எடுத்துச் சமைக்கணும். பேட்டரி வழியில் மட்டும்.

சார்ஜ்? கூரையில் 300 வாட் சோலார் இருந்தால் வேலூர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு 1.2 யூனிட் அளவில் வரும். நாலு பேர் சமையலுக்குச் சரியாக இருக்கும். மழை நாளுக்கு, ஓடும் இன்ஜினின் ஆல்டர்னேட்டரிலிருந்து 48 வோல்ட்டுக்கு ஏற்றித்தரும் சார்ஜர் வேண்டும். மின்சாரக் கார்களில் இந்தத் தலைவலியே இல்லை. 2023-ல் வந்த நெக்ஸான் இ.வி. போன்றவற்றில் காரிலிருந்தே 3.3 கே.வி.ஏ. வரை வெளியே எடுக்கலாம்.

எது முடியாது?

30 பேருக்குச் சமையல் முடியாது. ஒரு கிலோ கேஸில் 12.7 யூனிட் சக்தி இருக்கிறது. அடுப்பில் 40 சதவீதம் வீணானாலும் 7.5 யூனிட் பாத்திரத்துக்குப் போகும். அதே வேலைக்கு லித்தியம் பேட்டரி 100 கிலோவுக்குப் பக்கம் சுமக்கணும். அதோடு நம்ம ஊர் பிரியாணி தேக்சா பெரும்பாலும் அலுமினியம் அல்லது ஈயம் பூசிய செம்பு. காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாத பாத்திரம் சாதாரண இண்டக்‌ஷனில் சூடாகாது. கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் இருந்தால் போதும்.

எனவே என் முடிவு: ஒரு குடும்பம் போகிற வேனில் சிலிண்டருக்கு இடமே வேண்டாம். கூட்டமாகப் போகிறவர்கள், பெரிய சமையலை வண்டியை விட்டு இறங்கி, திறந்த வெளியில் தரையில் வைத்துக்கொள்ளட்டும். மதியச் சாப்பாட்டுக்கு இறங்கத்தான் போகிறோம். வண்டிக்குள்ளே அடுப்பு தேடுவது விடியற்காலை டீக்கும், குழந்தைக்குப் பால் காய்ச்சவும்தான். அதற்கு 0.1 யூனிட் போதும்.

சீட்டுக்கு அடியில் சிலிண்டர் வைத்து, அதன் மேல் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பழக்கத்தை நிறுத்த இந்த 0.1 யூனிட் கணக்கே போதுமானது.